நாளுக்கொரு பூதம் வரை! வருடத்தை வென்று காட்டு!

தம்பி! தங்கையே! உன்னிடம் நேராகவே ஒரு கேள்வி கேட்கிறேன். நீயாக விரும்பித் தொடங்கி, யாருடைய கட்டாயமும் இல்லாமல், ஒரு வருடம் முழுக்கத் தினமும் செய்து முடித்த காரியம் ஒன்றைச் சொல், பார்க்கலாம். பள்ளிக்கூடம் போனதைச் சொல்லாதே. அது அப்பா அம்மாவின் கட்டாயம். வேலைக்குப் போவதைச் சொல்லாதே. அது சம்பளத்தின் கட்டாயம். உன் மனம் கேட்டு, உன் கை செய்து, உன் பிடிவாதம் முடித்து வைத்த ஒன்றைச் சொல்.

பதில் வரவில்லையா? நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வராது. ஜனவரி முதல் தேதி வாங்கிய டைரி பொங்கலோடு நின்றுவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிய ஜிம், இரண்டாவது வாரத்திலேயே மறந்துபோகிறது. ஆசையாக வாங்கிய கிட்டார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தூசி படிந்து கிடக்கிறது. தொடங்குவதற்கு ஒரு சாயங்கால உற்சாகம் போதும். முடிப்பதற்கு முதுகெலும்பு வேண்டும்! பாதியில் விட்ட ஒவ்வொரு காரியமும், "உன்னால் முடியாது" என்று உன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறது. நீயும் அதை நம்பிவிட்டாய். உன் தன்னம்பிக்கை செத்த இடம் அதுதான். அதை மீட்கவேண்டிய இடமும் அதுவேதான்.

எனவே ஒரு சவால் விடுகிறேன். இன்று தொடங்கி ஒரு வருடம், தினம் ஒரு பூதம் வரை. கோமாளிப் பூதம், குண்டுப் பூதம், கோபக்காரப் பூதம், குடை பிடித்த பூதம், எதுவாகவும் இருக்கட்டும். நாளுக்கு ஒன்று, மொத்தம் 365.

சிரிக்கிறாயா? உலகமே கும்பிடும் ஓர் ஓவியர் இதே போன்ற வேலையைச் செய்திருக்கிறார். அவரைப் பற்றித் தெரிந்துகொண்டு பிறகு சிரி.

83 வயதில் தினம் ஒரு சிங்கம்

ஹொகுசாய். 1760-ல் ஜப்பானின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிறந்தவர். வானத்தை எட்டிப் பிடிக்க எழும் ஒரு பெரிய அலை, அதன் நுனியில் நகம் நகமாக வளைந்த நுரை, அடியில் மூன்று படகுகள், தூரத்தில் குட்டியாக ஃபூஜி மலை. இந்தப் படத்தை நீ எங்காவது பார்த்திருப்பாய். சட்டையில் பார்த்திருப்பாய், காப்பிக் கோப்பையில் பார்த்திருப்பாய். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புது 1,000 யென் நோட்டிலும் அதே அலைதான். அந்த அலையை வரைந்தபோது ஹொகுசாய்க்கு வயது எழுபதை ஒட்டி. நம் ஊரில் ஈசிச்சேரில் சாய்த்து உட்காரவைத்துவிடும் வயது!

அவர் முதுமை நிம்மதியாகப் போனதா? இல்லை. அறுபதுகளின் கடைசியில் பக்கவாதம் தாக்கியது. மனைவி இறந்தார். பேரன் ஊதாரித்தனமாகத் திரிந்து கடனை இழுத்துவிட்டான். 1839-ல் வீடு தீப்பற்றியது. பல காலமாகச் சேர்த்து வைத்திருந்த ஓவியத் தாள்கள் எரிந்து சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும், "போதுமடா சாமி" என்று தூரிகையைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஹொகுசாய் என்ன செய்தார் தெரியுமா? 1842-ன் குளிர்காலத்தில், ஜப்பானியக் கணக்குப்படி 83 வயதில், தினமும் காலையில் ஒரு சிங்கம் வரைய ஆரம்பித்தார். காட்டுச் சிங்கம் அல்ல. முட்டைக் கண்ணும் சப்பை மூக்கும் சுருள் சுருளான பிடரியுமாக, ஜப்பானியர்கள் 'ஷிஷி' என்று அழைக்கும் கற்பனைச் சிங்கம். ஒரு நாள் துள்ளும், ஒரு நாள் ஆடும், ஒரு நாள் சிங்க முகமூடி போட்டுக்கொண்டு மனிதனே ஆடுவான். புதுவீட்டு வாசலில் நாம் திருஷ்டி பொம்மை தொங்கவிடுகிறோமே, அதுபோல அன்றன்றைக்கு வரும் கெட்டதை விரட்ட அவர் வரைந்த காவல் சிங்கங்கள் அவை. வரைந்த தாளில் தேதியையும் எழுதினார். அடுத்த வருடக் கடைசிவரை அந்த வேலை நீண்டது. அவற்றில் 219 தாள்கள் இன்று கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் ஜப்பான் நாட்டின் முக்கியமான பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகின்றன.

கொஞ்சம் யோசி. பேரலையை வரைந்த கைக்குப் பயிற்சி எதற்கு? யாரிடம் நிரூபிக்கவேண்டும்? எந்தப் பரீட்சைக்கு? ஒன்றும் கிடையாது. ஆனாலும் காலையில் எழுந்தார், மையைத் தொட்டார், ஒரு சிங்கத்தை வரைந்தார். எழுபது வயதுவரை தான் வரைந்ததில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்று எழுதிவைத்த மனிதர் அவர். வயது ஏற ஏறத் தன் கை மேம்படும், நூறைத் தாண்டினால் தன் ஒவ்வொரு புள்ளியும் உயிர்பெறும் என்று நம்பிய மனிதர். 83 வயதுக்காரருக்கு நாளை மீது இருந்த அந்த நம்பிக்கை, இருபது வயது உனக்கு இல்லை என்றால், அது வெட்கக்கேடு!

ஏன் பூதம்?

குதிரையை வரைந்தால், "கால் கோணலாக இருக்கிறதே" என்பார்கள். மாமாவை வரைந்தால், "ஜாடையே இல்லையே" என்பார்கள். பூதத்தை வரைந்து பார். மூன்று கண் வை, முப்பது கண் வை, முழங்காலில் வாய் வை. எவன் வந்து தப்பு சொல்வான்? அசலைப் பார்த்தவன் எவனாவது இருந்தால் அல்லவா சொல்ல!

உன்னை இத்தனை வருடம் முடக்கிப் போட்டது திறமைக் குறைவு என்றா நினைக்கிறாய்? தப்பாகிவிடுமோ என்ற பயம்தான். முதல் வகுப்பில் யானைக்குப் பச்சை வண்ணம் அடித்தபோது விழுந்த சிவப்பு மைக் கோடு, இன்றைக்கும் உன் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியை உடைக்கும் சம்மட்டி பூதம். அது எவ்வளவு கோணலோ அவ்வளவு அழகு.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. சோழர் காலக் கோயில் ஒன்றுக்குப் போகும்போது, மூலவரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார். கூரையின் வளைந்த விளிம்பான கபோதத்துக்குக் கீழே ஒரு வரிசை ஓடும். அதற்குப் பெயர் பூதவரி. தொப்பையும் குட்டைக் கால்களுமாகப் பூதகணங்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்று மத்தளம் கொட்டும், ஒன்று சங்கு ஊதும், ஒன்று காலைத் தூக்கி ஆடும், ஒன்று வாயைக் கோணி உன்னைப் பார்த்துப் பழித்துக் காட்டும். கருங்கல்லில், உளி பிடித்து, அத்தனை உயரத்தில், நின்று பார்ப்பவர் இருப்பாரோ மாட்டாரோ தெரியாத இடத்தில், ஒரு சிற்பி அந்தக் குறும்பையெல்லாம் செதுக்கியிருக்கிறார். தன் பெயரைக்கூட அவர் அங்கே பொறித்துவைக்கவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கு அடுத்தது. வரிசை முடியும்வரை உளி நிற்கவில்லை. அந்த மண்ணில் பிறந்த உனக்குப் பூதம் வராதா?

"எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று சொல்லித் தப்பிக்காதே. அதற்கும் வழி காட்டியவர் இருக்கிறார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வேலை செய்யும் வரைகலைஞர் ஸ்டெஃபன் புக்கர், 2006 நவம்பரில் நாளுக்கொரு பூதம் வரையத் தொடங்கினார். அவர் செய்த முறையைக் கவனி. வெள்ளைத் தாளில் கொஞ்சம் மை விடுவார். அதன் மேல் அழுத்தப்பட்ட காற்றைச் சட்டென்று பீய்ச்சுவார். மை நாலாபக்கமும் சிதறி ஓடும். பிறகு தாளை இப்படித் திருப்புவார், அப்படித் திருப்புவார். எங்கோ ஒரு முதுகு தெரியும், ஒரு வால் தெரியும். அங்கே ஒரு கண்ணை வைப்பார். கண் வந்த நொடியில் கறை ஓர் உயிராகிவிடும். அப்புறம் பல், நகம், முடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். இப்படி நூறு நாள், நூறு பூதங்கள். வரைவதைப் படம்பிடித்து உலகத்துக்கும் காட்டினார். 2008-ல் அவை புத்தகமாக வந்தன.

உன் வீட்டில் மை இல்லையா? டீ இருக்கிறதே! ஒரு சொட்டு டீயைத் தாளில் விடு, ஸ்ட்ராவால் ஊது, காயவிடு. அந்தக் கறையைத் திருப்பித் திருப்பிப் பார். இரண்டு புள்ளி வை. அது உன்னைப் பார்க்கும்! அதுதான் உன் முதல் பூதம்.

"எனக்கு வரைய வராதே!"

வராது என்று யார் சொன்னது? எத்தனை நாள் தொடர்ந்து வரைந்து பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தாய்?

மைக் விங்கெல்மன் என்று ஓர் அமெரிக்கர். பீப்பிள் என்ற பெயரில் உலகம் அவரை அறியும். கல்லூரியில் படித்தது கணினி அறிவியல், ஓவியம் அல்ல. 2007 மே 1 அன்று, தினம் ஒரு படம் என்று முடிவெடுத்தார். முதல் நாள் தன் மாமா ஒருவரைக் கிறுக்கலாக வரைந்தார். அன்றைய படங்கள் மோசமானவை என்று அவரே வெளிப்படையாகச் சொல்வார். ஆனால் நிறுத்தவில்லை. முதல் வருடத்தைக் கையால் வரைந்து முடித்தார். அடுத்து கணினியில் முப்பரிமாணப் படங்களைக் கற்றுக்கொண்டே தினம் ஒன்று செய்தார். திருமண நாளிலும் செய்தார், குழந்தை பிறந்த நாளிலும் செய்தார். 2021 ஜனவரியில் 5,000 நாட்கள் நிறைந்தன. அந்த 5,000 படங்களையும் சேர்த்த ஒரே படைப்பு, அதே வருடம் மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் சுமார் 6.93 கோடி டாலருக்கு விலைபோனது.

அந்தப் பணத்தைப் பார்த்து மயங்காதே. உனக்கு அப்படி விலை கிடைக்கும் என்று பொய் சொல்ல நான் வரவில்லை. நீ பார்க்கவேண்டியது முதல் நாள் படத்தையும் ஐந்தாயிரமாவது நாள் படத்தையும். இரண்டையும் வரைந்தது ஒரே கை. நடுவில் எந்தக் கடவுளும் வந்து வரம் கொடுக்கவில்லை. நாட்கள்தான் வந்தன, ஒவ்வொரு நாளையும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். திறமை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவனிடம் திறமை வருவதில்லை. தினமும் வேலை செய்கிறவன் வீட்டைத் தேடிக்கொண்டு அது தானே வரும்!

"எனக்கு நிலைமை சரியில்லையே!"

ஷிகேரு மிசுகி என்ற பெயரை மனதில் எழுதி வைத்துக்கொள். 1922-ல் பிறந்த ஜப்பானியர். சிறுவயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் சொன்ன பேய், பூதக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் நியூகினி பக்கம் ரபௌலுக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவில் விழுந்து கிடந்தபோது குண்டுவீச்சில் இடது கை போனது. ஊர் திரும்பினால் வறுமை. என்ன செய்தார்? மிச்சமிருந்த வலது கையால் பூதங்களை வரைந்தார். தெருவில் கதை சொல்பவர்களுக்குப் படம் வரைந்தார். வாடகைக்கு விடும் காமிக்ஸ் புத்தகங்களுக்கு வரைந்தார். அவர் உருவாக்கிய கிட்டாரோ என்ற பூதச் சிறுவன் ஜப்பான் முழுக்கப் புகழ்பெற்றான். 2015-ல் தொண்ணூறு வயதைத் தாண்டி மிசுகி இறந்தார். அவர் வளர்ந்த சகாய்மினாத்தோ ஊரில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலை நெடுக 170-க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள், பெரும்பாலும் யோகாய் என்று அவர்கள் சொல்லும் பூதங்களின் சிலைகள்!

ஒரு கையை இழந்தவர் ஓர் ஊரையே பூதங்களால் நிறைத்துவிட்டார். இரண்டு கையும் நலமாக இருக்கும் நீ, "மூடு இல்லை" என்கிறாய். இதைச் சொல்ல உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நேரக் கணக்கு

"நேரம் இல்லை" என்கிறாயா? வா, கணக்குப் போடலாம். ஒரு பூதத்துக்குப் பதினைந்து நிமிடம். 365 நாளுக்குக் கூட்டினால் 91 மணி நேரமும் பதினைந்து நிமிடமும். ஒரு வருடத்தில் மொத்தம் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதில் நான்கு நாள் அளவுகூட வராத நேரத்தைத்தான் உன் கனவுக்குக் கேட்கிறேன். தினமும் ரீல்ஸைத் தள்ளித் தள்ளி நீ பார்க்கும் நேரத்தில் ஒரு துண்டு போதும்.

பணம்? கோடு போடாத 200 பக்க நோட்டு இரண்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா. நாளுக்கு ஒரு பக்கம் வரைந்தால் வருடம் முடிந்த பிறகும் 35 பக்கம் மிச்சமிருக்கும்!

நடுவழியில் வரும் உண்மையான பூதம்

இப்போது உனக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். முதல் பத்து நாள் நீ பறப்பாய். நண்பர்கள் கைதட்டுவார்கள், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இதயக்குறிகள் குவியும். ஒன்றிரண்டு மாதம் போனால் கைதட்டல் நிற்கும். வரைந்ததையே திரும்ப வரைகிறோமோ என்று சலிக்கும். பரீட்சை வரும், காய்ச்சல் வரும், சொந்தக்காரர் கல்யாணம் வரும். ஓர் இரவு பதினோரு மணிக்குக் கண் சொக்கும்போது மனசு சொல்லும்: "நாளைக்குச் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம்." இந்த வருடத்தில் நீ சந்திக்கப்போகும் நிஜமான பூதம் அந்தக் குரல்தான்! அதைக் கொல்ல ஒரே வழி, எழுந்து உட்கார்ந்து பேனாவை எடுப்பது. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, நான்கு கால், மூலையில் தேதி. முடிந்தது. அது அழகாக இருக்கவேண்டியதில்லை. அது இருக்கவேண்டும், அவ்வளவுதான்!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் அச்சில் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று அதில் தெரிந்தது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் என்று கணித்தார்கள். இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் கஷ்டமாக இருந்ததும் உன்மீதே சந்தேகப்பட்டாயே, அது உன் குறை அல்ல. உனக்கு இன்னும் நாள் வேண்டும், அவ்வளவுதான். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகக் கெடுவதில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகையால் மருத்துவமனைப் படுக்கையில் ஒரு நாள் போய்விட்டால், ஒப்பாரி வைக்காதே. மறுநாள் காலையில் முதல் வேலையாக வரை. ஒரு நாள் தவறியது விபத்து, இரண்டாவது நாளும் தவறினால் அது உன் முடிவு!

ஐந்து கட்டளைகள்

ஒன்று: நேரத்தைக் குறி. காலைக் காப்பிக்கு முன்பா, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்பா, இன்றே முடிவு செய். பிறகு மாற்றாதே.

இரண்டு: ஒவ்வொரு தாளிலும் தேதி போடு. தேதியில் பொய் சொல்லாதே. ஊரை ஏமாற்றலாம், உன் நோட்டை ஏமாற்றினால் மொத்த வருடமும் வீண்.

மூன்று: ஒரு மாதம் முடியும்வரை பின்னால் புரட்டிப் பார்க்காதே. தீர்ப்புச் சொல்லும் வேலை அப்புறம். இப்போது வரையும் வேலை மட்டும்.

நான்கு: பூதத்துக்குப் பெயர் வை, ஒரு வேலை கொடு. கரண்டு போகும் நேரத்தில் மட்டும் சிரிக்கும் பூதம், ஒற்றைச் செருப்பைத் திருடும் பூதம், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பூதம். பெயர் வைத்துவிட்டால் மறுநாள் அதற்கு ஒரு தம்பி பிறப்பான், யோசனைக்குப் பஞ்சமே வராது.

ஐந்து: கேலி செய்கிறவனுக்குப் பதில் சொல்லாதே. "இந்த வயதில் பொம்மை வரைகிறாயா?" என்பான். பேசாமல் அவன் முகத்தையே அன்றைய பூதமாக வரைந்துவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடு.

முடித்தவனின் கை

அந்த 365-வது நாள் வரும். நான் சொல்கிறேன், நிச்சயம் வரும்! அன்று எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் புரட்டிப் பார். முதல் வாரத்துக் கோடு நடுங்கியிருக்கும். மூன்றாவது மாதத்தில் கண்களுக்கு உணர்ச்சி வந்திருக்கும். பாதியில் எங்கோ, உனக்கே தெரியாமல், இது உன் பூதம்தான் என்று பார்த்தவுடன் சொல்லும்படி ஒரு பாணி பிறந்திருக்கும். அதை எந்த வாத்தியாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீ விடாமல் வந்து உட்கார்ந்தாய், அது வந்தது.

அந்த நோட்டை விற்க முடியாமல் போகலாம், யாரும் பரிசு கொடுக்காமல் போகலாம். கவலைப்படாதே. அடுத்த முறை ஒரு பெரிய காரியம் உன் முன்னால் வந்து நிற்கும்போது, ஒரு போட்டித் தேர்வோ, ஒரு தொழிலோ, ஒரு கடன் அடைக்கும் போராட்டமோ எதுவாயினும், "உன்னால் முடியாது" என்று ஓதிய அந்தப் பழைய குரல் மறுபடி வாயைத் திறக்கும். அப்போது நீ வாதாடவேண்டாம். அந்த இரண்டு நோட்டுகளை எடுத்து மேசைமேல் போடு. 365 சாட்சிகள் உனக்காகப் பேசும். தன்னம்பிக்கை என்பது கூட்டத்தில் கைதட்டிக் கத்துவதால் வருவது கிடையாது. தனக்குத் தானே கொடுத்த வாக்கை நிறைவேற்றியவனுக்கு மட்டுமே அது சொந்தம்!

ஹொகுசாய் தன் சிங்கத்தைத் தொடங்க அடுத்த பிறவிக்குக் காத்திருக்கவில்லை. நீ அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதே. நல்ல நாள் பார்க்காதே, நல்ல பேனா தேடாதே. இன்று என்ன தேதி? அதைத் தாளின் மூலையில் எழுது. உன் முதல் பூதத்தை இந்த இரவு முடிவதற்குள் வரைந்து முடி. நாளை அதே நேரத்துக்கு வந்து உட்கார். ஒரு வருடம் கழித்து, தொடங்கியதை முடித்தவன், முடித்தவள் என்று ஊர் உன்னைச் சொல்லட்டும்!